எது என் படம்?

ஆண்டுக்கு இருமுறை, குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி, பெங்களூரு லால்பாக் தோட்டத்தில் மலர்க் கண்காட்சி நடைபெறுகிறது. 1889ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் வீடு திரும்புவோர் மிகச் சிலரே. அப்படங்களை எல்லாம் ஓரிடத்தில் குவித்துப் பார்த்தால், நின்ற இடம் ஒன்றாக இருக்கும். கோணமும் ஒன்றாக இருக்கும். முகங்கள் மட்டுமே மாறியிருக்கும். எடுத்தவர் பெயரை நீக்கிவிட்டால் எது எவருடைய படம் என்று எவராலும் சொல்ல இயலாது.

ஒளிப்படக் கலையில் நாட்டம் கொள்ளும் மாணவர் மனத்தில் ஐயம் முளைப்பது இவ்விடத்தில்தான். ‘எல்லாவற்றையும் எல்லாரும் எடுத்துவிட்டார்களே, நான் எடுக்க என்ன இருக்கிறது?’ என்பது ஓர் ஐயம். ‘என்னிடம் விலையுயர்ந்த கேமரா இல்லையே’ என்பது மற்றொன்று. பெற்றோரின் பணிநிமித்தம் ஊர்விட்டு ஊர் வந்து வாழும் பிள்ளைகளுக்கு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ‘பெங்களூரு என் சொந்த ஊர் அன்று, சொந்த ஊரையோ கோடை விடுமுறையில் சில நாள்கள் மட்டுமே காண்கிறேன். எந்த ஊரைப் பற்றி நான் படம் எடுப்பது?’ என்று அவர்கள் எண்ணுவதுண்டு. வெளிப்படையாக இதைச் சொல்பவர் குறைவு. ஆயினும் அவர்கள் எடுக்கும் படங்களில் அத்தயக்கம் தெரியும். எல்லாரும் நின்ற இடத்திலேயே அவர்களும் போய் நிற்பார்கள்.

இவ்வையங்களோடு வாழ்ந்து, அவற்றுக்கிடையே தமக்குரிய பார்வையைக் கண்டடைந்த ஒளிப்படக் கலைஞர்கள் சிலரைப் பற்றி இப்பாடத்தில் காண்போம். அதற்குமுன் சொற்களைச் சற்றுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

எடுத்தலும் நோக்குதலும்

பேச்சு வழக்கில் ‘போட்டோ’ என்கிறோம். எழுத்து வழக்கில் புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று சொற்கள் உள்ளன. ‘போட்டோகிராபி’ என்பதன் கிரேக்க வேர்ச்சொற்களுக்கு ‘ஒளியால் வரைதல்’ என்பது பொருள். ஆதலின் ஒளிப்படம் என்னும் சொல்லே பொருத்தமுடையது. வினைச்சொற்களையும் கவனியுங்கள். ‘படம் எடுத்தான்’, ‘படம் பிடித்தாள்’ என்கிறோம். மரத்தில் இருக்கும் பழத்தைப் பறிப்பதுபோல, படம் ஏற்கெனவே அங்கே இருப்பதாகவும் நாம் கையை நீட்டி எடுத்துக்கொள்வதாகவும் இச்சொற்கள் நினைக்க வைக்கின்றன. நல்ல காட்சி கிடைத்தால் நல்ல படம் கிடைக்கும் என்னும் தவறான எண்ணத்துக்கு இச்சொற்களும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தமிழில் இதைவிடப் பொருத்தமான சொல் ஒன்று பழங்காலம் முதலே இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகள் 34 எனக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று ‘நோக்கு’. படிப்பவரை மேலோட்டமாகக் கடந்து செல்ல விடாமல் நிறுத்தி, மீண்டும் மீண்டும் நோக்கச் செய்யும் தன்மை என உரையாசிரியர்கள் இதற்கு விளக்கம் தந்தனர். செய்யுளுக்குச் சொல்லப்பட்ட இச்சொல்லை நாம் ஒளிப்படத்துக்கும் கடனாகப் பெறலாம்.

ஒரு படத்தில் நோக்கு எங்கிருந்து வருகிறது? கண்ணாடி மாளிகையையே எடுத்துக்கொள்வோம். கண்காட்சி நாளின் நண்பகலில் வாயிலுக்கு நேரே நின்றால் எல்லாரும் எடுத்த படமே கிடைக்கும். முந்தைய நாள் மாலையில் சென்றால், பூந்தொட்டிகளைச் சுமந்து வந்து அடுக்கும் தொழிலாளர்களைக் காணலாம். தோட்டத்தின் நடுவே உள்ள பாறையின்மேல் ஏறினால், ஏறத்தாழ 300 கோடி ஆண்டு பழைமையான கல்லின்மீது குடும்பங்கள் அமர்ந்து பொட்டலத்தைப் பிரிப்பதைக் காணலாம். வெளிவாயிலில் நின்றால், மிளகாய்ப்பொடி தடவிய மாங்காய்த் துண்டுகளை விற்பவரின் கைகளைக் காணலாம். எங்கே நிற்பது, எப்போது அழுத்துவது, எதைச் சட்டத்துக்கு வெளியே விடுவது என்னும் மூன்றையும் கேமரா முடிவு செய்வதில்லை. விலை குறைந்த கைப்பேசியிலும் இவை மூன்றும் நம் கையில்தான் உள்ளன. கேமராவின் விலை பற்றிய ஐயத்துக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை, அடுத்ததற்குச் செல்வோம்.

அன்றாட வாழ்வு செய்தியாகுமா?

1923ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் மைசூரில் பிறந்தவர் டி.எஸ். சத்யன். பெங்களூரில் 1948ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘டெக்கான் ஹெரால்டு’ நாளிதழில் தொடக்க காலத்திலேயே ஒளிப்படக்காரராகப் பணியாற்றினார். புதிதாக விடுதலை பெற்ற நாட்டில் செய்திப்படம் என்றால் என்ன என்பதற்கு அக்காலத்தில் தெளிவான விடை இருந்தது. அமைச்சர் அடிக்கல் நாட்டுவார்; அணை திறக்கப்படும்; வெள்ளம் வரும்; வெளிநாட்டுத் தலைவர் வந்து இறங்குவார். இவையே படத்துக்குரியவை. தெருவில் பம்பரம் விடும் சிறுவனை எவரும் செய்தி என்று கருதுவதில்லை.

சத்யன் தலைவர்களையும் எடுத்தார். எனினும் அவரை இன்று நாம் நினைவுகூர்வது அப்படங்களுக்காக அன்று. வீட்டு முற்றம், சந்தை, திருவிழாக் கூட்டம், பள்ளித் திண்ணை, விளையாடும் பிள்ளைகள் ஆகிய எளிய வாழ்வின் காட்சிகளுக்கே அவர் மீண்டும் மீண்டும் திரும்பினார். பின்னாளில் நிலையான பணியை விட்டுத் தனித்து இயங்கினார். யுனிசெஃப், உலக நலவாழ்வு நிறுவனம் ஆகியவற்றுக்காகவும் படம் எடுத்தார். 1977ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1979ஆம் ஆண்டு உலகக் குழந்தைகள் ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது, நியூயார்க்கில் உள்ள ஐக்கிய நாடுகள் அவையின் தலைமையகத்தில் அவருடைய குழந்தைப் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. நாளிதழின் முதற்பக்கத்துக்கு ஏற்றவை அல்ல என்று தள்ளத்தக்க படங்களே உலக அரங்குக்குச் சென்றன. 2009ஆம் ஆண்டு டிசம்பரில் மைசூரில் அவர் மறைந்தார்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கூற வேண்டும். அக்காலச் செய்திப்படக் கலைஞர் பலர் ‘ரோலிஃபிளெக்ஸ்’ என்னும் கேமராவைப் பயன்படுத்தினர். அதைக் கண்ணருகே தூக்குவதில்லை. வயிற்றின் முன் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, மேற்புறக் கண்ணாடியில் தெரியும் காட்சியைப் பார்த்து அழுத்த வேண்டும். இதனால் கேமராவின் உயரமும் குழந்தையின் கண் உயரமும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். இன்று நாம் நின்றபடி கைப்பேசியைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் தம்பியையோ தங்கையையோ எடுக்கிறோம். தலை பெரிதாகவும் கால் சிறிதாகவும், குழந்தை குள்ளமாகவும் வந்துவிடுகிறது. மண்டியிட்டு எடுத்துப் பாருங்கள். அதே குழந்தை, அதே கைப்பேசி, படம் வேறாகிவிடும்.

தஞ்சையின் பெயரைச் சுமந்தவர்

பெங்களூரைத் தம் வாழ்விடமாகக் கொண்டு, இந்தியக் கானுயிர் ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கியவர் டி.என்.ஏ. பெருமாள். அவர் பெயரின் முதலெழுத்து தஞ்சாவூரைக் குறிக்கும். 1932ஆம் ஆண்டில் பிறந்த அவர் 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறைந்தார்.

பெருமாள் தொடக்கத்தில் கானுயிரை எடுக்கவில்லை. அக்காலத்தில் ஒளிப்படச் சங்கங்களில் செல்வாக்குப் பெற்றிருந்தது ‘ஓவியப் பாங்கு’ எனத்தக்க ஒரு முறை. பனிமூட்டத்தில் ஒரு படகு, மரக்கிளைகளுக்கு இடையே சாய்ந்து விழும் கதிர்கள், சுருக்கம் நிறைந்த முதியவர் முகம் போன்றவற்றை ஓவியம்போல் அமைப்பதே அதன் இலக்கு. போட்டிக்கு அனுப்பினால் நடுவர்கள் மதிப்பெண் இடுவர். இம்முறையில் கற்பதற்கு மிகுதியாக உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் மதிப்பெண்ணுக்காக எடுக்கப்படும் படங்கள் நாளடைவில் ஒன்றையொன்று ஒத்துப்போகும் இடரும் உண்டு. தேர்வுக்கு மனப்பாடம் செய்த கட்டுரைகள் ஒன்றுபோல் இருப்பதை நீங்களும் அறிவீர்கள்.

1960-களின் தொடக்கத்தில் ஓ.சி. எட்வர்ட்ஸ் என்னும் கானுயிர் ஒளிப்படக்காரரிடம் பெருமாள் மாணவரானார். அதன்பின் காடே அவர் களமாயிற்று. இன்றுபோல் தானாகக் குவியும் வில்லையோ, நொடிக்கு இருபது படம் எடுக்கும் கேமராவோ அப்போது இல்லை. படச்சுருளின் ஒளி உணர்திறன் குறைவு. ஒரு சுருளில் 36 படங்களே எடுக்க இயலும். பறவை வந்து அமரும் கிளையை முன்கூட்டியே அறிந்து, துணியால் அமைத்த மறைவிடத்துக்குள் மணிக்கணக்கில் அசையாமல் காத்திருக்க வேண்டும். எப்போது வரும், எத்திசையிலிருந்து வரும், எதைக் கண்டால் அஞ்சும் என்று தெரியாதவர்க்கு வெற்றுக்கிளைதான் படமாகும். எனவே கானுயிர் ஒளிப்படக்காரர் இயற்கையியல் அறிஞராகவும் ஆக வேண்டியிருந்தது. தென்னிந்தியப் பட்டாம்பூச்சிகளைப் பற்றிய கள வழிகாட்டி நூல் ஒன்றின் ஆசிரியர்களுள் பெருமாளும் ஒருவர் என்பது இதற்குச் சான்று. உலக ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பின் உயர் தகுதிகளை அவர் பெற்றார். பெங்களூரு இன்று கானுயிர் ஒளிப்படக்காரர்கள் நிறைந்த நகரமாகத் திகழ்வதில் அவர் பயிற்றுவித்தவர்களுக்குப் பங்கு உண்டு.

ஊர்விட்டு வந்தவர் தமக்குரிய பொருளை எவ்வாறு பெறுகிறார் என்பதை இவ்வாழ்க்கை காட்டுகிறது. கர்நாடகக் காட்டின் பறவை எந்த மொழிக்காரர்க்கும் சொந்தம் அன்று. பொறுமையோடு அதைக் கற்றவர்க்கே அது வசப்பட்டது. (ஒரு செய்தியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: கூட்டில் குஞ்சுகளோடு இருக்கும் பறவையை எடுப்பது அக்காலத்தில் இயல்பாக இருந்தது. அது பறவைக்குத் தீங்கு விளைவிக்கும் என்பதால் இன்று தவறாகக் கருதப்படுகிறது. பல போட்டிகள் அத்தகைய படங்களை ஏற்பதில்லை.)

27,000த்திலிருந்து 83

ஐயத்தைப் பற்றி இனி நேரடியாகப் பேசலாம். ஐயம் இரு வகைப்படும். ‘நான் நல்ல கலைஞனா?’ என்பது ஒரு வகை. ‘இந்தப் படம் நான் கண்டதைச் சொல்கிறதா?’ என்பது மற்றொரு வகை. முதல் வினாவுக்கு எவராலும் விடை கூற இயலாது. கேட்கக் கேட்கக் கை ஓய்ந்துவிடும். இரண்டாம் வினாவுக்கு விடை உண்டு. படத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடலாம். இல்லையென்றால் மீண்டும் சென்று எடுக்கலாம். தேர்ந்த கலைஞர்கள் இரண்டாம் வினாவைத் தயக்கமின்றிக் கேட்டவர்கள்.

சுவிட்சர்லாந்தில் பிறந்து 1947ஆம் ஆண்டு அமெரிக்காவில் குடியேறியவர் இராபர்ட் ஃபிராங்க். 1955ஆம் ஆண்டு கிடைத்த உதவித்தொகையைக் கொண்டு, பழைய கார் ஒன்றில் அந்நாடு முழுவதும் சுற்றினார். 767 படச்சுருள்களில் ஏறத்தாழ 27,000 படங்களை எடுத்தார். பின்பு அவற்றிலிருந்து 83 படங்களை மட்டுமே தேர்ந்து ‘அமெரிக்கர்கள்’ என்னும் நூலாக்கினார். முந்நூறுக்கும் மேற்பட்ட படங்களுக்கு ஒன்று என்ற கணக்கு இது. விலக்கப்பட்டவை எல்லாம் கெட்ட படங்கள் அல்ல. இந்நூலில் அவர் சொல்ல வந்ததைச் சொல்லாதவை.

தேர்வு செய்ய அக்காலத்தில் ஒரு முறை இருந்தது. ஒரு சுருளின் எல்லாப் படங்களையும் அஞ்சல்தலை அளவில் ஒரே தாளில் அச்சிடுவர். இதனைத் ‘தொடுநிலைத் தாள்’ எனலாம். உருப்பெருக்கியால் ஒவ்வொன்றையும் பார்த்து, பிடித்தவற்றை மெழுகுப் பென்சிலால் வட்டமிடுவர். அத்தாளைப் பார்ப்பவர்க்கு ஒன்று விளங்கும். மிகச் சிறந்த கலைஞரின் தாளிலும் பெரும்பாலானவை சாதாரணமானவையே. நாம் காண்பது வட்டமிட்ட ஒன்றை. காணாதவை மீதி முப்பத்தைந்தும். பிறருடைய வட்டமிட்ட ஒன்றோடு நம்முடைய முப்பத்தாறையும் ஒப்பிட்டு மனம் சோர்வது பொருத்தமற்ற கணக்கு. கைப்பேசியில் பிறர் படங்களைக் காணும்போது நாம் செய்வது இதைத்தான்.

1959ஆம் ஆண்டு அமெரிக்காவில் அந்நூல் வெளிவந்தபோது பாராட்டு கிடைக்கவில்லை. மங்கலாக உள்ளது, சாய்ந்துள்ளது, இருண்டுள்ளது என்று ஒளிப்பட இதழ் ஒன்றில் குறை கூறினர். இன்று அது 20ஆம் நூற்றாண்டின் சிறந்த ஒளிப்பட நூல்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. அயலார் ஒருவர் வந்து தங்கள் நாட்டைத் தாங்கள் பழகிய விதத்தில் காட்டாதது அன்று பலருக்குப் பிடிக்கவில்லை. அயலாரின் கண் எப்போதும் சரியாகவே காணும் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு நாள் தங்கிவிட்டு ஓர் ஊரையே தீர்ப்பிடும் படங்களும் உண்டு. ஆனால் உள்ளூரார் பழகிப்போனதால் காணாமல் விட்ட ஒன்று, புதிதாக வந்தவர் கண்ணில் படும். தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்கு வந்த பிள்ளைக்கும், விடுமுறையில் பெங்களூரிலிருந்து தமிழ்நாட்டுக்குச் செல்லும் பிள்ளைக்கும் அந்தக் கண் இரு ஊர்களிலும் உண்டு. ஓரிடத்திலும் முழுமையாக ஒட்டவில்லை என்று வருந்துவோர் இதை நினைத்துப் பார்க்கலாம்.

ஐயம் புகழ் பெற்ற பின்பும் வரும். பிரேசில் நாட்டைச் சேர்ந்த செபாஸ்தியோ சல்காடோ பொருளியல் அறிஞராக இருந்து, தம் மனைவி லீலியாவின் கேமராவைக் கையில் எடுத்ததன் வழியே ஒளிப்படக் கலைக்கு வந்தவர். 1990-களில் ருவாண்டாவில் நிகழ்ந்த இனப்படுகொலையையும் அகதிகளின் துயரையும் படமெடுத்த பிறகு உடலும் மனமும் தளர்ந்து, கேமராவைத் துறக்கும் நிலைக்கு வந்தார். பிறந்த பண்ணைக்குத் திரும்பினார். வறண்டு கிடந்த அந்நிலத்தில் 1998ஆம் ஆண்டு முதல் கணவனும் மனைவியுமாகக் காடு வளர்த்தனர். 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகள் நடப்பட்டன. மரங்களும் பறவைகளும் திரும்பி வந்ததைக் கண்டபின் அவர் மீண்டும் படம் எடுக்கத் தொடங்கினார். இம்முறை மனிதக் கை படாத நிலங்களையும் உயிர்களையும் எடுத்தார். 2025ஆம் ஆண்டு மே மாதம் மறைந்தார்.

முகத்தின் குற்றமா, சுருளின் குற்றமா?

‘என் முகம் படத்தில் நன்றாக விழாது’ என்று கூறிக் கேமராவைக் கண்டால் ஒதுங்கும் பிள்ளைகள் உண்டு. கருநிறம் உடையவர்களே பெரும்பாலும் அவ்வாறு ஒதுங்குகின்றனர். அவர்கள் அறிய வேண்டிய வரலாறு ஒன்று இருக்கிறது.

வண்ணப் படச்சுருள் பரவிய காலத்தில், படங்களை அச்சிடும் கூடங்களுக்குக் கோடாக் நிறுவனம் ஓர் அளவுகோல் அட்டையை அனுப்பியது. அதில் வெள்ளைத்தோல் கொண்ட பெண் ஒருவரின் படம் இருந்தது. அட்டைக்காக முதலில் படம் எடுக்கப்பட்டவர் பெயரால் அதை ‘ஷெர்லி அட்டை’ என்றனர். அப்பெண்ணின் நிறம் சரியாக வந்தால் அச்சு சரி என்பது விதி. சுருளின் வேதிப்பொருளும் அந்த நிறத்துக்கே ஏற்றதாக அமைந்தது. கருநிற முகங்களில் மூக்கும் கன்னமும் தம் நுண்மையை இழந்து ஒரே இருளாயின. இக்குறை பல்லாண்டு நீடித்தது. இருண்ட மரத்தின் வகைகளும் சாக்லேட்டின் வகைகளும் விளம்பரப் படங்களில் வேறுபாடின்றித் தெரிகின்றன என்று மரச்சாமான் நிறுவனங்களும் சாக்லேட் நிறுவனங்களும் முறையிட்டதும் சுருள் திருத்தம் பெறுவதற்கு ஒரு காரணமாயிற்று. மனித முகத்துக்காகச் செய்ய வேண்டியதை மரமேசைக்காகச் செய்தனர்! பல நிற முகங்கள் கொண்ட அட்டை 1990-களில்தான் வந்தது.

இன்றைய கைப்பேசியிலும் கவனம் தேவை. கேமரா காட்சி முழுவதையும் சராசரிச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயலும். வெள்ளைச் சுவரின் முன் கருநிறத்தவர் நின்றால், சுவரின் வெண்மையைக் குறைக்க முயன்று முகத்தையும் இருளாக்கிவிடும். திரையில் முகத்தின்மேல் விரலால் தொட்டால், கேமரா முகத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பி நிற்கச் செய்தால் இன்னும் நன்று. ‘அழகு’ என்று பெயரிட்டு முகத்தை வெளுக்கச் செய்யும் வசதியை அணைத்து வைப்பது என் பரிந்துரை. அதனால் கிடைப்பது வேறொருவர் முகம்.

மீன்கடையிலிருந்து

தம் வீடு படத்துக்கு ஏற்றது அன்று என்று நாணுவோர்க்காக மதுரையைச் சேர்ந்த எம். பழனிகுமாரைப் பற்றிக் கூறலாம். அவருடைய தாயார் மீன் விற்பவர். 2013ஆம் ஆண்டு பழனிகுமார் தம் முதல் கேமராவை வாங்கினார். மலைக்காட்சியையோ மாளிகையையோ தேடி அவர் நெடுந்தொலைவு செல்லவில்லை. உழைக்கும் பெண்களும், ஒடுக்கப்பட்டு ஒதுக்கப்பட்ட மக்களும் அவருடைய பொருளாயினர்.

சாக்கடைக் குழியிலும் மலக்குழியிலும் உரிய பாதுகாப்பின்றி மனிதரை இறக்கும் வழக்கத்தை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. ஆயினும் அக்குழிகளில் நச்சுக்காற்றால் மனிதர் இறப்பது நிற்கவில்லை. இதைப் பற்றித் திவ்யபாரதி இயக்கி 2017ஆம் ஆண்டு வெளிவந்த ‘கக்கூஸ்’ என்னும் ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் பழனிகுமார். பின்னர் ‘பாரி’ எனப்படும் ஊரக இந்திய மக்கள் ஆவணக் காப்பகத்தில் ஒளிப்படக்காரர் ஆனார். 2022ஆம் ஆண்டு தயானிதா சிங் - பாரி ஆவண ஒளிப்பட விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அவரே. தம் தாயின் உழைப்பையும் அவர் படக்கட்டுரையாக வெளியிட்டுள்ளார்.

அவர் படங்களில் தாயின் தொழில் இரக்கத்துக்குரியதாகத் தோன்றுவதில்லை. அது தொழிலாகத் தெரிகிறது. வெளியிலிருந்து வந்த ஒருவர் மீன்கூடையை வண்ணத்துக்காக எடுத்துவிட்டுச் சென்றிருப்பார். கூடையின் எடையை அறிந்தவர் கழுத்தையும் தோளையும் எடுப்பார். தூய்மைப் பணியாளர் குடும்பப் பிள்ளைகளுக்கும் மீனவர் குடும்பப் பிள்ளைகளுக்கும் பழனிகுமார் ஒளிப்படக் கலையைப் பயிற்றுவித்து வருகிறார். பிறரால் மட்டுமே படமெடுக்கப்பட்டவர்கள் தாமே படமெடுக்கத் தொடங்கியுள்ளனர்.

பெயரே மறைக்கப்பட்ட நிலையில் தொழிலைத் தொடங்கியவரும் உண்டு. இந்தியாவின் முதல் பெண் செய்திப்பட ஒளிப்படக்காரரான ஹோமாய் வியாரவாலாவின் தொடக்ககாலப் படங்கள் அவர் கணவர் மானெக்ஷாவின் பெயரிலேயே அச்சாயின. விடுதலை பெற்ற காலத்து டெல்லியை இன்று நாம் காண்பதில் அவர் படங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 2011ஆம் ஆண்டு அவருக்குப் பத்மவிபூஷண் விருது வழங்கப்பட்டது.

செய்து பார்ப்போம்

ஒரே பொருளை, அல்லது ஒரே மனிதரை, பத்து நாள்கள் தொடர்ந்து எடுங்கள். வீட்டு வாசல், பள்ளிப் பேருந்து நிறுத்தம், தந்தையின் கருவிப்பை, அல்சூர் ஏரிக்கரை என எதுவாகவும் இருக்கலாம். நாளொன்றுக்குப் பத்துப் படங்களுக்கு மேல் வேண்டா. நான்காம் நாள் சலிப்பு வரும். எடுக்க ஒன்றுமில்லை என்று தோன்றும். பார்த்துப் பழகியவை அப்போது தீர்ந்திருக்கும். அதற்குப் பின் எடுப்பவை பெரும்பாலும் முதல் மூன்று நாள் படங்களினும் நன்றாக அமைகின்றன. எடுத்த அன்றே எதையும் அழிக்க வேண்டா. பத்தாம் நாள் நூற்றையும் ஒருங்கே பார்த்து ஐந்தைத் தேருங்கள். ஏன் இவ்வைந்து என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு தொடர்கள் எழுதுங்கள். பின்பு, அவ்விடத்தைக் கண்டிராத ஒருவரிடம், ஊரில் இருக்கும் பாட்டியிடமோ மாமாவிடமோ, அவற்றைக் காட்டி அவர் என்ன காண்கிறார் என்று கேளுங்கள். நீங்கள் எழுதியதையும் அவர் சொன்னதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அறிமுகம் இல்லாதவரை எடுக்குமுன் ஒப்புதல் பெறுவது கட்டாயம். பெங்களூரில் அதைக் கன்னடத்தில் கேட்பது முறை: ‘ஒந்து போட்டோ தெகீபஹுதா?’ வேண்டாம் என்று தலையசைத்தால் நன்றி கூறி நகர வேண்டும். எடுத்தபின் படத்தை அவரிடம் காட்டுங்கள். இயன்றால் ஒரு படி அச்சிட்டுக் கொடுங்கள். தேர்ந்த ஐந்தையும் அச்சிட்டு, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் இடம், நாள், படத்தில் இருப்பவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் மென்மையாக எழுதுக. பேனாவால் எழுதினால் மை அடுத்த படத்தில் ஒட்டிக்கொள்ளும்.